சில்வர்வோட்டர் தூரத்தில் இல்லை

நார்த்மீடில் இருந்து மேஸ்ஹில் முருகன் கோயிலுக்குக் காரில் போக எடுக்கும் நேரத்தோடு இன்னொரு பத்து நிமிடம் சேர்த்தால் சில்வர்வோட்டர் சிறைக்குப் போய்விடலாம். வேறு பக்கம் திரும்பினால் அரை மணித்தியாலத்துக்குள் வில்லவூட் தடுப்பு முகாம். 1842இல் திறந்து 2011இல் மூடிய பழைய பரமட்டா சிறையின் மதில் இன்னும் கிட்ட இருக்கிறது. ஆனால் இந்த மூன்று இடங்களின் பெயரையும் நம் வீட்டுச் சாப்பாட்டு மேசையில் யாரும் சொல்லி நீங்கள் கேட்டிருக்க மாட்டீர்கள்.

சொல்லாமல் விட்டதால் அங்கே தமிழர் இல்லை என்று ஆகிவிடாது. குடித்துவிட்டுக் கார் ஓடி யாரையோ மோதியவர், வேலை செய்த இடத்துக் காசில் கைவைத்தவர், போதைப்பொருளில் மாட்டியவர், மனைவிக்கு அடித்தவர், குற்றம் செய்தாரா இல்லையா என்று தீர்ப்பு வராமலே பிணை கிடைக்காமல் இருப்பவர். எல்லாச் சமூகத்திலும் இருப்பவர்கள் நம்மிலும் இருக்கிறார்கள். அப்படி ஒருவர் திடீரென்று பிறந்தநாள் விழாக்களில் காணாமல் போவார். கேட்டால், "அவன் ஊருக்குப் போயிட்டான்", "பேர்த்தில வேலை கிடைச்சிட்டுது" என்று பதில் வரும். சொன்னவருக்கும் உண்மை தெரியும், கேட்டவருக்கும் தெரியும். இரண்டு பேரும் அடுத்த ரோல்ஸை எடுத்துக் கடிப்பார்கள்.

நான் சொல்ல வருவது இதுதான். மறியலில் இருப்பவரைப் போய்ப் பார்ப்பது, அவரோடு கதைப்பது, அவர் கணக்கில் கொஞ்சம் காசு போடுவது ஆகிய மூன்றும் நம் தலைமுறை எடுத்துச் செய்ய வேண்டிய வேலை. அம்மா அப்பாவுக்கு அதில் வெட்கமும் பயமும் ஆங்கிலப் படிவங்களும் குறுக்கே நிற்கின்றன. நமக்கு அந்த மூன்றாவது தடை இல்லை. முதல் இரண்டையும் கடக்கலாம்.

மறியல் என்ற சொல்

"மறியல்" என்று தமிழ்நாட்டு நண்பரிடம் சொன்னால் சாலை மறியல் என்று நினைப்பார். இலங்கைத் தமிழில் அது சிறை. உங்கள் அம்மம்மாவிடம் அந்தச் சொல்லைச் சொல்லிப் பாருங்கள். பெரும்பாலும் அவருக்கு ஞாபகம் வருவது திருடன் இல்லை. 1979இல் வந்த பயங்கரவாதத் தடைச் சட்டத்தில் பிடிபட்டுப் போன பக்கத்து வீட்டுப் பெடியன்தான் ஞாபகம் வருவான். 1983 யூலையில் கொழும்பு வெலிக்கடைச் சிறைக்குள் 53 தமிழ்க் கைதிகள் கொல்லப்பட்டார்கள். அதற்குப் பிறகும் பல வருடங்களாக யாழ்ப்பாணத்திலும் வன்னியிலும் இருந்து தாய்மார் பஸ்ஸிலும் ரயிலிலும் தெற்கே போய், மொழி தெரியாத வாசலில் பெயர் கொடுத்துக் காத்திருந்து பிள்ளையைப் பார்த்துவிட்டு வந்தார்கள். சிறை வாசலில் காத்திருப்பது எப்படி என்று நமக்கு யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை.

அப்படியானால் இங்கே ஏன் இந்த மௌனம்? அங்கே சிறையில் இருப்பவருக்காக நாம் மார்ட்டின் பிளேசில் பதாகை பிடிக்கிறோம். இங்கே சிறையில் இருப்பவனுடைய தாய் கோயில் மண்டபத்தில் தூணோடு தனியாக நிற்கிறாள். "அரசியல் கைதியும் களவெடுத்தவனும் ஒன்றா?" என்று கேட்பீர்கள். ஒன்றில்லை. நான் அந்தக் கைதிகளை ஒப்பிடவில்லை, வாசலில் நிற்கும் தாய்மாரை ஒப்பிடுகிறேன். அவர்களுடைய கவலையில் பெரிய வித்தியாசம் எனக்குத் தெரியவில்லை.

அரசியல் கைதியையே கைவிட்ட கதையும் நம்மிடம் இருக்கிறது. வ.உ.சிதம்பரனார் ஆங்கிலேயருக்கு எதிராகக் கப்பல் விட்டவர். 1908இல் சிறைக்குப் போய்க் கோயம்புத்தூரில் செக்கிழுத்தார். 1912 டிசம்பரில் கண்ணூர்ச் சிறையில் இருந்து வெளியே வந்தபோது கூட்டம் எதுவும் காத்திருக்கவில்லை. குடும்பத்தாரும் நண்பர் சுப்பிரமணிய சிவாவும்தான் நின்றார்கள். சிறைக்குப் போக முன்பு அவர் பேச்சைக் கேட்கத் திரண்ட சனம் எங்கே என்று இன்றைக்கும் தமிழ்நாட்டில் கேட்கிறார்கள்.

ஆனால் அந்தக் கதையில் புலம்பெயர்ந்த நமக்குப் பெருமையான ஒரு பகுதி உண்டு. தென்னாபிரிக்காவில் இருந்த தமிழர் அவருக்காகக் காசு சேர்த்தார்கள். அந்தக் காசு காந்தி வழியாக வர வேண்டியிருந்தது. கடிதத்துக்கு மேல் கடிதம் போய், கடைசியில் 1916இல்தான் 347 ரூபாய் 12 அணா வ.உ.சி.யின் கைக்கு வந்தது. அதற்குள் அவர் வெளியே வந்து மூன்று வருடம் கடந்துவிட்டது, வறுமையில் குடும்பம் திண்டாடிக்கொண்டிருந்தது. கடல் கடந்து போனவர்கள் மறியலுக்குப் போனவருக்குக் காசு அனுப்புவது நூறு வருடத்துக்கு மேற்பட்ட தமிழ் வழக்கம். அது பிந்திப் போனால் என்ன ஆகும் என்பதும் அந்தக் கதையிலேயே இருக்கிறது.

உள்ளே போனவரோடு எப்படித் தொடர்புகொள்வது?

இதை நம் பள்ளிக்கூடங்களில் யாரும் சொல்லித்தருவதில்லை. அதனால் அடிப்படையை எழுதுகிறேன். நான் சொல்வது நியூ சவுத் வேல்ஸ் நடைமுறை. மெல்பேர்ன் பிள்ளைகளே, விக்ரோரியாவில் விவரங்கள் மாறும், விஷயம் மாறாது.

முதலில் தெரிய வேண்டியது ஓர் இலக்கம். இந்த மாநிலச் சிறையில் ஒவ்வொருவருக்கும் மின் எனப்படும் இலக்கம் ஒன்று கொடுக்கப்படும். கடிதம், காசு, சந்திப்பு எல்லாம் அந்த இலக்கத்தை வைத்துத்தான் நடக்கும். நம் பெயர்களைச் சிறைப் பதிவேட்டில் எப்படி எழுதியிருப்பார்கள் என்று சொல்லவே தேவையில்லை. அப்பா பெயர் முன்னுக்கா பின்னுக்கா என்று கடவுச்சீட்டிலேயே குழப்பம் இருக்கும் சமூகம் நாம். ஆகவே பெயரை மட்டும் நம்பாமல் இலக்கத்தைக் கேட்டு எழுதி வையுங்கள்.

இரண்டாவது, தொலைபேசி. நீங்கள் சிறைக்கு அழைத்து அவரோடு கதைக்க முடியாது, அவர்தான் அழைக்க வேண்டும். அவர் கொடுத்த இலக்கங்கள் அனுமதிக்கப்பட்ட பிறகுதான் அழைப்பு வரும். அழைப்பு வந்ததும் முதலில் கேட்பது மகனுடைய குரலாக இருக்காது. இது சிறையில் இருந்து வரும் அழைப்பு என்று ஆங்கிலத்தில் பதிவு செய்த குரல் ஒன்று சொல்லும். மோசடி அழைப்புகளைக் கண்டு பயந்த நம் அம்மாமார் அந்த இடத்திலேயே வெட்டிவிடுவார்கள். உள்ளே இருப்பவரோ, அம்மா என்னோடு கதைக்க விரும்பவில்லை என்று நினைத்துக்கொள்வார். ஐந்து நிமிடம் பக்கத்தில் இருந்து, "இந்தக் குரல் வந்தால் வெட்ட வேண்டாம்" என்று நீங்கள் சொல்லிக்கொடுத்தால் போதும். இன்னொன்று: இந்த அழைப்புகள் பதிவு செய்யப்படும். வழக்கைப் பற்றித் தமிழில் கதைத்தால் யாருக்கும் விளங்காது என்று நினைக்காதீர்கள். வழக்குக் கதை சட்டத்தரணியோடு மட்டும். அம்மாவோடு கதைக்க வேறு எவ்வளவோ இருக்கிறது.

மூன்றாவது, சந்திப்பு. நினைத்த நேரத்தில் போக முடியாது, முன்பே பதிவு செய்ய வேண்டும். படம் போட்ட அடையாள அட்டை வேண்டும். 18 வயதுக்குக் குறைந்தவர்கள் பெரியவர் ஒருவரோடுதான் போகலாம். கைபேசி உள்ளே கொண்டுபோக முடியாது. சோதனை செய்வார்கள், மோப்ப நாயும் வரலாம். முதல் தடவை அது அவமானம் போலத் தோன்றும். விமான நிலையத்தில் நடப்பதை நினைத்துக்கொண்டு நில்லுங்கள். 2020இல் கொவிட் வந்தபோது காணொளிச் சந்திப்புகள் தொடங்கின, அந்த வசதி பிறகும் தொடர்கிறது. நேரே போக முடியாத அம்மம்மாவுக்கு அது பெரிய உதவி. ஆனால் அந்த இணைப்பைத் திறந்து கொடுக்க வீட்டில் ஒரு பிள்ளை வேண்டும்.

நான்காவது, காசு. சந்திக்கப் போகும்போது கையில் கொடுக்கக் கூடாது. சிறையில் அவருடைய பெயரில் இருக்கும் கணக்கில் போட வேண்டும். அதற்கான வழியைச் சிறைத் திணைக்களமான கரெக்டிவ் சேர்விசஸின் இணையத்தளத்தில் பார்க்கலாம். உள்ளே அந்தக் காசு எதற்கு என்று கேட்கிறீர்களா? தொலைபேசி அழைப்புக்கு, சவர்க்காரத்துக்கு, நூடில்ஸ், ரின் மீன், தேயிலை போன்ற சின்னச் சின்னச் சாமான்களுக்கு. சிறைக்குள் வேலை செய்பவருக்குக் கிடைப்பது கிழமைக்குச் சில பத்து டொலர்தான். போர்க்காலத்தில் வங்கியே இல்லாத ஊருக்கு உண்டியலில் காசு அனுப்பி வென்ற சனம் நாம். பத்துக் கிலோமீற்றர் தள்ளியிருக்கும் சில்வர்வோட்டருக்கு இருபது டொலர் அனுப்பத் தெரியாமல் இருக்கிறோம்.

கடிதமும் எழுதலாம். அது திறந்து பார்க்கப்படும் என்பதை மட்டும் ஞாபகம் வைத்து எழுதுங்கள். உங்கள் தமிழ் கையெழுத்து மோசமாக இருந்தாலும் பரவாயில்லை. உள்ளே இருப்பவர் அதைப் பத்துத் தடவை வாசிப்பார்.

28 நாள்கள்

சந்திப்பு என்பது பாசத்துக்காக மட்டும் செய்வதில்லை. சில நேரம் ஒருவர் இந்த நாட்டில் இருப்பாரா இல்லையா என்பதே அதில் தொங்கும்.

குடியுரிமை எடுக்காமல் நிரந்தர வதிவிட வீசாவில் இருப்பவர்கள் நம்மிடையே நிறையப் பேர். "பிஆர் இருக்குத்தானே" என்று வருடக்கணக்கில் விட்டுவிடுவார்கள். குடிவரவுச் சட்டத்தின் 501ஆம் பிரிவின்படி, குடியுரிமை இல்லாத ஒருவருக்கு 12 மாதமோ அதற்கு மேலோ சிறைத்தண்டனை கிடைத்து, அவர் முழுநேரமாகச் சிறையில் இருந்தால், வீசாவைக் கட்டாயமாக ரத்துச் செய்ய வேண்டும். 2014 டிசம்பரில் இருந்து இந்த விதி இருக்கிறது. ரத்துச் செய்த அறிவித்தல் சிறைக்குள் இருப்பவரிடம் போகும். அதை மாற்றும்படி கேட்க 28 நாள்கள்தான். அந்த நாள்கள் தவறினால் தவறியதுதான். இரண்டு வயதில் இந்த நாட்டுக்கு வந்தவருக்கும் இதே சட்டம்தான்.

இப்போது யோசித்துப் பாருங்கள். வெட்கத்தில் குடும்பம் யாரும் போய்ப் பார்க்கவில்லை. சட்ட ஆங்கிலத்தில் எழுதிய கடிதம் அவர் கையில் கொடுக்கப்படுகிறது. வாழ்க்கை முடிந்தது என்று நினைத்துக்கொண்டிருக்கும் ஆள் அதை மடித்துத் தலையணைக்குக் கீழே வைத்துவிடுகிறார். 29ஆம் நாள் விடிகிறது. அதற்குப் பிறகு தண்டனை முடிந்தாலும் அவர் வீட்டுக்கு வரமாட்டார். வில்லவூட்டுக்கோ வேறு முகாமுக்கோ கொண்டுபோவார்கள், அங்கிருந்து கொழும்புக்கோ சென்னைக்கோ விமானம்.

கிழமைக்கு ஒருவர் போய்ப் பார்த்து, "ஏதும் கடிதம் வந்ததா?" என்று கேட்டிருந்தால் இதைத் தடுத்திருக்கலாம். நேரத்துக்கு விண்ணப்பித்தால், இங்கே இருக்கும் பிள்ளைகளின் நலன், இந்த நாட்டோடு அவருக்கு உள்ள பிணைப்பு எல்லாம் பார்க்கப்படும். பிணைப்பைக் காட்டுவது என்ன? குடும்பமும் நண்பர்களும் எழுதும் கடிதங்கள். வந்து பார்த்தவர்கள் எழுதினால் அதில் சொல்ல விஷயம் இருக்கும். லீகல் எய்ட் அமைப்பிடமும் குடிவரவுச் சட்டத்தரணியிடமும் உடனே போக வேண்டும். ஆங்கிலம் கஷ்டம் என்றால் 131 450 என்ற தேசிய மொழிபெயர்ப்புச் சேவை இருக்கிறது, தமிழிலும் கதைக்கலாம். இவ்வளவையும் சொல்லிவிட்டு ஒரு சின்ன வேண்டுகோள்: இன்றிரவு வீட்டில் யார் யார் குடியுரிமை எடுக்கவில்லை என்று கேளுங்கள்.

வில்லவூட்

வில்லவூட்டில் இருப்பவர் எல்லாரும் தண்டனை பெற்றவர்கள் அல்ல. எந்தக் குற்றமும் செய்யாமல், வீசா இல்லை என்பதற்காக மட்டும் இருப்பவர்களும் உண்டு. 1976இல் இருந்து அது தடுப்பு முகாம். 2009க்குப் பிறகு படகில் வந்த எத்தனையோ தமிழர் அதற்குள் வருடக்கணக்கில் இருந்தார்கள். அகதி என்று ஏற்றுக்கொண்ட பிறகும், உளவுத்துறையின் பாதகமான மதிப்பீடு என்ற ஒன்றைக் காட்டிச் சிலரை விடவில்லை. அதற்கான காரணத்தையும் அவர்களுக்குச் சொல்லவில்லை. அவர்களில் ஒரு தாய் 2013இல் வில்லவூட்டில் இருக்கும்போதே குழந்தை பெற்றார். 2015 கடைசியில்தான் அவரும் பிள்ளைகளும் வெளியே வந்தார்கள். முடிவில்லாமல் அடைத்து வைக்க முடியாது என்று உயர் நீதிமன்றம் தெளிவாகச் சொன்னது 2023 நவம்பரில்.

வெளியுலகத்தோடு அவர்களை இணைத்தது என்ன? வந்து பார்த்தவர்களும் கைபேசியும். படகில் வந்தவர்கள் முகாமில் கைபேசி வைத்திருக்க முன்பு தடை இருந்தது. முகாம்களில் கைபேசியை ஒட்டுமொத்தமாகத் தடை செய்ய அதிகாரம் இல்லை என்று 2018இல் பெடரல் நீதிமன்றத்தின் முழு அமர்வு தீர்ப்பளித்தது. 2024 கடைசியில் பாராளுமன்றம் அந்த அதிகாரத்தைச் சட்டமாக்கி அமைச்சருக்குக் கொடுத்தது. கைபேசி போனால் மிஞ்சுவது வந்து பார்க்கிறவர்கள்தான்.

பிலோயிலா குடும்பத்தை உங்களுக்குத் தெரிந்திருக்கும். 2018 மார்ச்சில் ஒரு விடியற்காலையில் பிரியா, நடேஸ் இருவரையும் இரண்டு குழந்தைகளோடு கூட்டிக்கொண்டு போனார்கள். மெல்பேர்ன் முகாம், 2019இல் டார்வினில் இறக்கப்பட்ட விமானம், பிறகு கிறிஸ்மஸ் தீவு, பேர்த். 2022 யூனில்தான் ஊருக்குத் திரும்பினார்கள், ஓகஸ்ட்டில் நிரந்தர வீசா கிடைத்தது. நான்கு வருடத்துக்கு மேல் அவர்களைக் கைவிடாமல் இருந்தது யார்? ஏறக்குறைய 6,000 பேர் வாழும் ஒரு குயின்ஸ்லாந்து மாட்டுப்பண்ணை ஊர்க்காரர்கள். தமிழ்ச் சங்கங்களும் கூட நின்றன, இல்லை என்று சொல்லவில்லை. ஆனால் முதலில் எழும்பியவர்கள் பக்கத்து வீட்டுக்காரர்கள். பக்கத்து வீட்டைக் காணவில்லையென்றால் எங்கே என்று கேட்பது பக்கத்து வீட்டுக்காரரின் வேலை என்று அவர்கள் நினைத்தார்கள்.

வில்லவூட்டுக்குப் போகவும் சில நாள் முன்பே விண்ணப்பிக்க வேண்டும். வீட்டில் சமைத்ததை உள்ளே விடமாட்டார்கள், ஆகவே இடியப்பம் கட்ட வேண்டாம். நேரம்தான் கொண்டுபோக வேண்டிய சாமான்.

அடிபட்டவளை மறந்துவிட்டா?

இதுதான் நியாயமான எதிர்க்கேள்வி. மனைவிக்கு அடித்துவிட்டு உள்ளே போனவனைப் போய்ப் பார்த்து, காசும் போட்டு, அவன் பக்கம் நிற்கச் சொல்கிறாயா என்று ஒரு தங்கச்சி கேட்டால், கேட்க அவளுக்கு உரிமை இருக்கிறது.

என் பதில்: முதல் வாசல் அவளுடையது. அவளுக்குச் சாப்பாடும் வாடகையும் பாதுகாப்பும் இருக்கிறதா என்று பார்த்த பிறகுதான் சில்வர்வோட்டர். உள்ளே இருப்பவன் "அவளிட்டச் சொல்லு, வழக்கை வாபஸ் வாங்கச் சொல்லு" என்று கேட்டால் அந்தச் செய்தியைக் கொண்டுபோகவே கூடாது. பாதுகாப்பு உத்தரவு இருந்தால் இன்னொருவர் மூலம் தொடர்புகொள்வதும் குற்றமாகலாம். நம் சமூகத்தில் இந்தத் தூது வேலையைச் செய்யும் மாமாமார் நிறைய. அந்த வேலையை நீங்கள் எடுக்காதீர்கள். போவதற்குப் பயமாக இருந்தால், அவனால் பாதிக்கப்பட்டது நீங்கள் என்றால், போகவே வேண்டாம். அது உங்கள் கடமை இல்லை.

ஆனால் மற்றவர்களுக்குச் சொல்கிறேன். போய்ப் பார்ப்பது நற்சான்றிதழ் கொடுப்பதாகாது. சிறையில் இருக்கும் பெரும்பாலானோர் ஒரு நாள் வெளியே வருவார்கள், நம் தெருவுக்குத்தான் வருவார்கள். அமெரிக்காவின் மின்னசோட்டா மாநிலத்தில் 2003க்கும் 2007க்கும் இடையில் விடுதலையான 16,420 பேரை அந்த மாநிலச் சிறைத்துறையே ஆராய்ந்து 2011இல் அறிக்கை வெளியிட்டது. யாராவது வந்து பார்த்தவர்கள் மறுபடி பாரிய குற்றத்தில் தண்டனை பெறும் ஆபத்து 13 சதவீதம் குறைவு என்று கண்டார்கள். இரக்கத்துக்காகச் செய்ய மனம் வராவிட்டால் அந்தக் கணக்குக்காகச் செய்யுங்கள். இன்னொன்றையும் மறக்க வேண்டாம்: நியூ சவுத் வேல்ஸ் சிறைகளில் பத்தில் நான்கு பேருக்கு மேல் இன்னும் வழக்கு முடியாமல் இருப்பவர்கள். தீர்ப்பை நீதிபதி சொல்ல முன்பே நம் வட்சப் குழுக்கள் சொல்லிவிடுகின்றன.

அரசாங்கத்திடம் கேட்கவும் ஒன்று இருக்கிறது. சிறையில் இருந்து வீட்டுக்குக் கதைக்கும் அழைப்பு இலவசமாக வேண்டும். அமெரிக்காவில் கனெக்ரிக்கட் மாநிலம் 2021இல் அதைச் சட்டமாக்கியது, கலிபோர்னியாவும் பின்னால் செய்தது. தண்டனை பெற்றது மகன். அழைப்புக்குக் காசு கட்டுவது கிளீனிங் வேலைக்குப் போகும் அம்மா. அம்மாவுக்கு எந்த நீதிபதியும் தண்டனை விதிக்கவில்லை.

யாரிடம் தொடங்குவது என்று தெரியாவிட்டால், 1951இல் இருந்து இந்த மாநிலத்தில் கைதிகளின் குடும்பங்களோடு வேலை செய்யும் கொம்யூனிட்டி ரெஸ்ரோரேட்டிவ் சென்ரர் என்ற அமைப்பு இருக்கிறது. அவர்களுக்கு நம் வெட்கம் புதிதாக இருக்காது. எல்லாச் சமூகத்து அம்மாமாரையும் அவர்கள் பார்த்திருக்கிறார்கள்.

மிச்சத்தை நீங்கள்தான் செய்ய வேண்டும். அடுத்த முறை ஓர் அன்ரி, "மகன் பேர்த்தில வேலை" என்று கண்ணைப் பார்க்காமல் சொன்னால், பேர்த்தில் வெயிலா என்று கேட்காதீர்கள். சனம் இல்லாத இடத்தில், மெதுவாக, "அன்ரி, ஞாயிற்றுக்கிழமை எனக்கு வேலை இல்லை. எங்கயாவது போக வேண்டுமென்றால் நான் கார் ஓடுறன்" என்று சொல்லுங்கள். அவர் உடனே ஒன்றும் சொல்லமாட்டார். இரண்டு கிழமை கழித்து அழைப்பார்.